பைக்கை ஓட்டியது யார் என்று காயத்தை வைத்துச் சொல்ல முடியுமா? (தேனி ரோடு விபத்து, கொஞ்சம் நீளம்)

செக்கானூரணிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் தாய்மாமா ஆவணி மாதம் தேனி ரோட்டில், கருமாத்தூர் பக்கம் நடந்த விபத்தில் இறந்துவிட்டார். மாமாவும் அவருடைய கூட்டாளி ஒருவரும் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் உசிலம்பட்டியிலிருந்து ஒரே பைக்கில் திரும்பியிருக்கிறார்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று பாதி தார் மேல், பாதி மண்ணில் நின்றிருக்கிறது. விளக்கு கிடையாது, வைக்கோல் தொங்கி பின்பக்கத்தையே மூடிவிட்டது. அதனுடைய வலது பின்முனையில் இடித்திருக்கிறார்கள். மாமா அங்கேயே போய்விட்டார், கூட்டாளி பிழைத்துக்கொண்டார்.

பைக் கூட்டாளியுடையது, 2015 மாடல், ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் எஃப்ஐஆரில் மாமாதான் ஓட்டினார் என்று எழுதியிருக்கிறது, கூட்டாளி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அப்படித்தான் சொன்னாராம். மாமாவுக்கு லைசென்ஸ் கிடையாது. அவர் வாழ்நாளில் ஓட்டியது டிவிஎஸ் எக்ஸெல் மட்டும்தான், கியர் வண்டியை அவர் தொட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து விசாரிக்க வந்தவர், "முன்னாடி உட்கார்ந்தவருக்குத்தான் அடி பலமா இருக்கும், செத்தது அவர், அப்ப ஓட்டுனதும் அவர்தான், அறுபதுக்கு மேல வந்திருக்கார்" என்று அத்தையிடமே சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், ரெண்டும் படிக்கிறதுகள்.

பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்கிறது. பின்தலையில் கிழிந்த காயம், மண்டையோட்டின் அடிப்பகுதியில் முறிவு, மூளையின் முன்பக்கத்தில் ரத்தக்கட்டு, முதுகிலும் இடது தோளின் பின்பக்கத்திலும் சிராய்ப்பு, வலது முழங்காலின் வெளிப்பக்கம் சிராய்ப்பு. கைகளில் ஒன்றும் எழுதவில்லை. மாமா ஹெல்மெட் போடவில்லை, கூட்டாளி போட்டிருந்தார். கூட்டாளிக்கு இடது கை விரல்களும் கட்டைவிரலும் முறிந்துவிட்டன, தொடையெல்லாம் கன்றிப்போனது என்று அவர் வீட்டில் சொன்னார்கள், அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது. மாமா டிரெய்லரின் வலது பக்கவாட்டில், அதன் பின்முனையைத் தாண்டி முன்னால் போய் ரோட்டில் கிடந்தார். கூட்டாளி டிரெய்லருக்குப் பின்னாலேயே பைக்கோடு கிடந்தார்.

உடம்பில் இருக்கிற காயத்தைப் பார்த்து யார் ஓட்டினார்கள் என்று சொல்ல முடியுமா? அப்படிச் சொன்னால் கோர்ட் கேட்குமா?


சிம்மக்கல் ஸ்பேனர் எழுதியது:

தம்பி, ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம், வண்டி இப்போது எங்கே நிற்கிறது? ஸ்டேஷன் வாசலில் நின்றால் உடனே போய் ஃபோட்டோ எடுங்கள். வண்டியை ஓனர் ரிலீஸ் பண்ணி எடுத்துவிட்டால் அடுத்த வாரமே டாங்கைத் தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடித்துவிடுவான், அதற்கப்புறம் கடவுளே வந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டிய இடம்: டாங்கின் பின்பக்கம், அதாவது சீட்டோடு சேருகிற இடத்தில் உள்பக்கமாக ஒடுக்கு விழுந்திருக்கிறதா. ஓட்டுகிறவன் முன்னால் சறுக்கிப் போய் அதில்தான் மோதுவான். ஹேண்டில்பார் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது. டிரெய்லரின் வலது முனையில் இடித்தது என்றால் பைக்கின் இடது பக்கம்தான் வாங்கியிருக்கும், அப்போது கிளட்ச் லிவர், இடது கைப்பிடி ரப்பர், இடது கண்ணாடி இதெல்லாம் எப்படி இருக்கிறது. ஹெட்லைட் பல்பைக் கழற்றாதீர்கள், யாரையும் கழற்றவும் விடாதீர்கள்.


பெரியாஸ்பத்திரி பழைய மாணவன் எழுதியது:

நான் தடயவியல் மருத்துவம் படித்தவன். ரிப்போர்ட்டை நேரில் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்லக்கூடாது, ஆனாலும் நீங்கள் எழுதியதில் பேச நிறைய இருக்கிறது.

முதலில் அந்த விசாரணைக்காரர் சொன்னது. "செத்தவர்தான் முன்னால் இருந்தவர்" என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. பைக் திடீரென்று நின்றால் மேலே இருக்கிற இரண்டு பேரும் வந்த வேகத்திலேயே முன்னால் போகிறார்கள். ஓட்டுபவருக்கு முன்னால் டாங்கும் ஹேண்டிலும் இருக்கிறது, அதில் மாட்டி அவர் வேகம் கொஞ்சம் குறையும். பின்னால் இருப்பவருக்குத் தடுப்பு என்றால் முன்னால் இருப்பவருடைய முதுகு மட்டும்தான். அதில் மோதி மேலே ஏறி, அவரைத் தாண்டிப் போய் விழுவது அடிக்கடி நடக்கிற விஷயம். உங்கள் மாமா டிரெய்லரின் பின்முனையைத் தாண்டிக் கிடந்தார், கூட்டாளி பைக்கோடு கிடந்தார் என்பது இதோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகிறது என்றுதான் சொல்கிறேன், நிரூபிக்கிறது என்று சொல்லவில்லை.

ஓட்டியவருக்கு வழக்கமாக வருகிற காயங்கள்: இரண்டு உள்தொடையிலும் கவட்டையிலும் கன்றிய காயம், வேகம் கூடுதலாக இருந்தால் இடுப்பெலும்பு முன்பக்கம் பிளந்துகொள்வது, கட்டைவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் முறிவு, அடிவயிற்றில் ஹேண்டில் குத்திய தடம். உங்கள் மாமாவின் ரிப்போர்ட்டில் இவை இல்லை என்றால் அது முக்கியம். ஆனால் ஒரு சந்தேகம் வரும்: கவட்டையையும் உள்தொடையையும் பார்த்து "காயம் இல்லை" என்று எழுதினார்களா, அல்லது அதைப்பற்றி ரிப்போர்ட்டில் பேச்சே இல்லையா? இரண்டும் ஒன்றில்லை. தோலுக்கு மேலே தெரியாத ஆழமான ரத்தக்கட்டு வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் பிடிப்பது இதைத்தான்.

அடுத்து தலை. பின்தலையில் அடி, ஆனால் ரத்தக்கட்டு மூளையின் முன்பக்கத்தில். நகர்ந்துகொண்டிருக்கிற தலை நிற்கிற பரப்பில், அதாவது தரை மாதிரி ஒன்றில் மோதினால், மூளை அடிபட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அதிகமாகக் கன்றும். நிற்கிற தலையை ஒரு கட்டையால் அடித்தால் அடித்த இடத்துக்கு நேர் கீழேதான் அதிகம் கன்றும். ஆகவே இவர் மல்லாந்து விழுந்து பின்தலை தாரில் மோதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். முகத்தை நேராக டிரெய்லர் பலகையில் கொடுத்தவருக்கு மூக்கு, கன்ன எலும்பு, தாடை எல்லாம் போயிருக்கும், அது இவருக்கு இல்லை.

முதுகுச் சிராய்ப்பையும் விட்டுவிடாதீர்கள். தோல் தாரில் உரசும்போது மேல்தோல் சுருண்டு சுருண்டு உரசல் முடிகிற பக்கத்தில் போய்ச் சேரும். எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் உடம்பு எந்தத் திசையில் சறுக்கியது என்று சொல்லலாம். பிணவறையில் எடுத்த ஃபோட்டோ இருந்தால் நல்லது.

இனி உங்களுக்குப் பிடிக்காத பக்கம். கூட்டாளிக்குக் கை முறிந்தது என்பதை மட்டும் வைத்து அவர்தான் ஓட்டினார் என்று சொல்ல முடியாது. கீழே விழும்போது கையை ஊன்றுகிற யாருக்கும் மணிக்கட்டு முறியும். பின்னால் இருப்பவருக்கும் முன்னால் இருப்பவரின் இடுப்பில் இடித்து உள்தொடை கன்றும். காயத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போனால் அந்தரத்தில்தான் தொங்கும். அந்தக் காயத்தை உண்டாக்கிய பாகம் வண்டியில் எது என்று காட்டினால்தான் அது சாட்சி. ஆகவே ஸ்பேனர் அண்ணன் சொன்ன ஃபோட்டோ இல்லாமல் நான் எழுதியதற்குப் பெரிய மதிப்பில்லை.


வைகைக்கரை எழுதியது:

எல்லாம் சரி சார், இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும். நம்மூரில் ஏட்டையா எழுதியதுதான் சட்டம். பைக்கை அளந்து, காயத்தை அளந்து, யார் வந்து செய்யப் போகிறார்கள்?


வேகத்தடை எழுதியது:

வைகைக்கரை, அவ்வளவு சலித்துக்கொள்ள வேண்டாம். விபத்து நடந்த இடத்தில் போலீஸ் ஃபோனிலேயே படத்தோடு விவரம் ஏற்றுகிற ஐராட் செயலி சில வருடமாகவே இருக்கிறது, ஐஐடி மெட்ராஸ் ஆட்கள் செய்தது, ஆரம்பத்திலேயே அதைக் கொண்டுவந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மதுரையிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. கேட்கிறவன் கேட்டால்தான் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

செக்கானூரணி தம்பி, ரஃப் ஸ்கெட்சில், அதாவது விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த படத்தில், சறுக்கல் தடம் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறார்களா? நான் மெக்கானிக்கல் படித்தவன், வேகக் கணக்கு எனக்குத் தெரிந்த வேலை.


செக்கானூரணிக்காரன் எழுதியது:

இருக்கிறது அண்ணே. டிரெய்லர் வரைக்கும் 11 மீட்டர், ஒற்றைக்கோடு. மழை இல்லை, ரோடு காய்ந்துதான் இருந்தது. அந்த இன்சூரன்ஸ் ஆளும் இந்த 11 மீட்டரை வைத்துத்தான் அறுபது என்றார்.


வேகத்தடை எழுதியது:

அப்படியென்றால் அவர் கார் கணக்கை எடுத்துப் பைக்குக்குப் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

காய்ந்த தாரில் நான்கு சக்கரமும் பூட்டிச் சறுக்குகிற காருக்கு உராய்வுக் கெழு (டயருக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு பிடிமானம் என்கிற எண்) 0.7 என்று வைப்பது வழக்கம். 2015 பைக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் கிடையாது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கிற சிபிஎஸ்ஸும் கிடையாது, அதெல்லாம் 2019 ஏப்ரலுக்கு மேல்தான் எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயமானது. ஒற்றைக்கோடு என்றால் பெரும்பாலும் பின்சக்கரம் மட்டும் பூட்டிச் சறுக்கியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்துவிடும், பின்சக்கரத்தில் பிடிமானமே குறைவாகத்தான் இருக்கும், அதற்கு 0.35 முதல் 0.4 வரை போட்டால் போதும்.

கணக்கு இது: உராய்வுக் கெழு, 9.81, தடத்தின் நீளம், 2, எல்லாவற்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும், அதை 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு. 0.4 போட்டால் 11 மீட்டருக்கு 33 கி.மீ. 0.7 போட்டால் 44. ஆனால் இது அந்தத் தடத்திலேயே வண்டி நின்றிருந்தால் வருகிற வேகம். நிற்கவில்லையே, இடித்திருக்கிறது. இடிக்கும்போது மிச்சம் 40 இருந்தது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 33-ஐயும் 40-ஐயும் கூட்டி 73 என்று சிலர் எழுதுவார்கள், அது தப்பு. வேகத்தைக் கூட்டக் கூடாது, ஆற்றலைத்தான் கூட்டலாம், அதனால் இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 52. அவர் 0.7 போட்டால் அதே வழியில் 59 வரும், "அறுபது" அங்கிருந்துதான் வந்திருக்கும். அந்த 40 நான் வைத்துக்கொண்டது. நிஜ எண் வேண்டுமென்றால் முன்சக்கரம் எவ்வளவு பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது, ஃபோர்க் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். சக்கரம் டிரெய்லருக்கு அடியில் புகுந்து, பலகை ஹேண்டிலில் இடித்திருந்தால் அந்த அளவும் உதவாது.

வேகத்தைவிட இந்த 11 மீட்டரில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. 52 கி.மீ. என்றால் நொடிக்கு 14.4 மீட்டர். ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைப்பார்கள், ராத்திரியில் 2 நொடி வரை கொடுக்கலாம். அந்த நேரத்தில் வண்டி 22 முதல் 29 மீட்டர் ஓடியிருக்கும். அதோடு தடத்தின் 11-ஐச் சேர்த்தால், டிரெய்லர் அவர் கண்ணில் பட்டதே 33 முதல் 40 மீட்டர் தூரத்தில்தான். டிப் வெளிச்சம் போய்ச் சேருகிற தூரமே அவ்வளவுதான். பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டையோ தெரிந்திருந்தால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே பார்த்திருப்பார். ஓட்டியது யாராக இருந்தாலும் டிராக்டர்காரர் பேரில் இருக்கிற தப்பை இந்தத் தடமே சொல்கிறது, அதை அத்தையின் வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள்.

ஹெட்லைட் பல்பைப் பற்றி ஸ்பேனர் அண்ணன் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கிற பல்பின் இழை சூட்டில் இளகி இருக்கும், மோதினால் நீண்டு கோணிக்கொள்ளும், கண்ணாடி உடைந்து காற்றுப் பட்டால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடி படியும். அணைந்திருந்த இழை வெடுக்கென்று ஒடியும். நாளைக்கு "பைக்கில் லைட்டே எரியவில்லை" என்று யாராவது சொன்னால் அந்தப் பல்புதான் பதில்.

ஹெல்மெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், செத்தவர் யார் என்பதற்குச் சீட்டைவிட அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தலை தரையைத் தொடும்போது நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இருக்கும். வெறும் தலை 5 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் புவியீர்ப்பைப்போல் 360 மடங்குக்கு மேல் விசை. ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தெர்மாக்கோல் 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதுவே 70 சொச்சத்துக்கு வந்துவிடும். கூட்டாளியின் ஹெல்மெட் எங்கே என்று கேளுங்கள். தெர்மாக்கோல் ஒருமுறை நசுங்கினால் திரும்பி எழாது, எந்த இடத்தில் அடி வாங்கினார் என்பது அதில் அப்படியே இருக்கும்.


ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

விபத்து வழக்குகள்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நடந்தது என்றால் மாசிக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு விழுந்தாக வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவு இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு. அதை வைத்துக்கொண்டு விளையாடாதீர்கள்.

கோர்ட் கேட்குமா என்றால், கேட்கும். இது கொலைக் கேஸ் இல்லை, சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். எஃப்ஐஆரில் எழுதியிருப்பது ஒருவர் சொன்ன முதல் தகவல், அதுவே முடிந்த முடிவு கிடையாது. கூட்டாளி ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் நீதிபதிக்குப் புரியாத விஷயமில்லை. அவர் ஓட்டினார் என்றால் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 106-இல், அதாவது கவனக்குறைவால் சாவு உண்டாக்கிய குற்றத்தில், அவர்தான் குற்றம் சாட்டப்பட்டவர், ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். இறந்தவர் ஓட்டினார் என்று எழுதிவிட்டால் அவர் மேல் யாரும் கேஸ் நடத்த முடியாது, கோப்பை மூடிவிடலாம்.

மாமா பின்னால் உட்கார்ந்திருந்தார் என்று நிலைநாட்டினால் பைக் இன்சூரன்ஸ், டிராக்டர் இன்சூரன்ஸ் இரண்டையும் சேர்த்து நிறுத்தலாம். இரண்டு வண்டியின் தப்பும் சேர்ந்து மூன்றாவது ஆளுக்குக் கெடுதல் வந்தால் முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாலிசி ஃபுல் என்பதைக் காப்பி வாங்கி உறுதிப்படுத்துங்கள், சட்டத்துக்குக் கட்டாயமான அளவுக்கு மட்டும் எடுத்த வெறும் ஆக்ட் பாலிசி என்றால் பின்னால் இருப்பவருக்கு அதில் கிடைக்காது. ஒருவேளை மாமாதான் ஓட்டினார் என்று முடிவானாலும் டிராக்டர் மேல் இருக்கிற உரிமை போகாது, மாமாவின் பங்குக்கு ஒரு விகிதம் கழிப்பார்கள், அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விபத்துக்கு அவரும் காரணம் என்று சொல்ல முடியாது, 2008-லேயே அதைச் சொல்லிவிட்டார்கள். ஹெல்மெட் போடாததற்குக் கொஞ்சம் பிடிப்பார்கள், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்தான், அதற்குத் தயாராக இருங்கள்.

வாங்க வேண்டியது: ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய குறிப்பு), பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட் (இரண்டு வண்டிக்கும்), பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட், ரொம்ப முக்கியமாகக் கூட்டாளியின் ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) காப்பியும் காயச் சான்றிதழும். கடைசி இரண்டும் உங்கள் கைக்கு வராது, தீர்ப்பாயம் மூலமாக ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைக்க வேண்டும். ஏ.ஆர். புத்தகத்தில் முதல் அரைமணி நேரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று டாக்டர் எழுதியிருப்பார். "பைக் ஓட்டிச் சென்றபோது" என்ற ஒரு வார்த்தை அதில் இருந்து வழக்கே திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.


செக்கானூரணிக்காரன் எழுதியது:

ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். வண்டி அங்கேதான் வேப்பமரத்தடியில் நிற்கிறது, எழுத்தர் நல்ல மனுஷன், ஃபோட்டோ எடுத்துக்கோ, எதையும் தொடாதே என்றார்.

இடது ஹேண்டில் பின்னால் மடங்கி டாங்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கிளட்ச் லிவர் கைப்பிடியோடு ஒட்டி நசுங்கியிருக்கிறது, நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. ரப்பர் கிழிந்து இரும்பு தெரிகிறது, அந்த இடுக்கில் கறுப்பாக ஏதோ காய்ந்திருக்கிறது. டாங்கின் பின்பக்கம் ஒடுக்கு இருக்கிறது, ஆனால் அது பழையதா புதியதா என்று எனக்குத் தெரியவில்லை, விளிம்பில் லேசாகத் துரு ஏறியிருக்கிறது. ஹெட்லைட் கண்ணாடி உடைந்திருக்கிறது, பல்பு உள்ளேயே இருக்கிறது. ஹெல்மெட் அங்கே இல்லை.


பெரியாஸ்பத்திரி பழைய மாணவன் எழுதியது:

நான் தேடியது அந்த இடது கைப்பிடியைத்தான். ஓட்டுகிறவனுடைய இடது கை மோதுகிற நொடியில் அங்கேதான் இருக்கும், பிரேக் பிடிக்கிற அவசரத்தில் கிளட்சையும் சேர்த்துத்தான் பிடிப்பான். லிவர் கைப்பிடியோடு ஒட்டுகிற அளவுக்கு நசுங்கியிருந்தால் நடுவில் இருந்த நான்கு விரல் என்ன ஆகியிருக்கும்? உங்கள் மாமாவின் கைகளில் காயம் எதுவும் குறிப்பிடவில்லை. கூட்டாளிக்கு இடது கை விரல்கள் முறிந்திருக்கின்றன. விழுந்து கையை ஊன்றினால் முறிவது பெரும்பாலும் மணிக்கட்டு, விரல்கள் வரிசையாக நசுங்கி முறிவது வேறு மாதிரி, எக்ஸ்ரேயில் அந்த வித்தியாசம் தெரியும். அந்த எக்ஸ்ரே வேண்டும், சான்றிதழ் மட்டும் போதாது. இடுக்கில் காய்ந்திருப்பது ரத்தமாக இருந்தால் அது யாருடையது என்று டிஎன்ஏ சொல்லிவிடும், அதற்கப்புறம் என்னைப் போன்ற ஆட்கள் வியாக்கியானம் பேச வேண்டிய வேலையே இல்லை. டாங்க் ஒடுக்கை விட்டுவிடுங்கள், துரு இருந்தால் அதைக் காட்டியே எதிர்த்தரப்பு மற்றதையும் கெடுத்துவிடும்.


சிம்மக்கல் ஸ்பேனர் எழுதியது:

துருவைப் பற்றி ஒன்று. ஆவணியிலிருந்து ஐப்பசி மழை முழுக்க மரத்தடியில் நனைந்த வண்டி, புது ஒடுக்கிலேயே பெயின்ட் தெறித்த இடத்தில் துரு ஏறும். அதனால் பழசு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் டாக்டர் சொல்கிறபடி அதை விட்டுவிடுவதே நல்லது, கைப்பிடி போதும். இன்னொரு மழைக்கு முன்னால் அதை பாலிதீன் இல்லாமல் காகிதத்தால் மூடச் சொல்லி எழுத்தரிடம் கேட்டுப் பாருங்கள், பாலிதீன் கட்டினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும்.


ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

நீங்களாக எதையும் மூட வேண்டாம், கழற்ற வேண்டாம். அத்தை பெயரில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதி, எஸ்பி அலுவலகத்துக்கு நகல் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: இடது கைப்பிடியையும் லிவரையும் ஹெட்லைட் பல்பையும் கைப்பற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அதுவரை வண்டியை ரிலீஸ் செய்யக்கூடாது. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அவர்கள் செய்யாவிட்டால் அதே மனுவை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போவோம். எடுத்த ஃபோட்டோக்களை ஃபோனில் அப்படியே விட்டுவையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள், தேதி நேரமெல்லாம் அசலில்தான் இருக்கும். கூட்டாளி வீட்டுக்குப் போய் இதைப்பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம், அத்தையிடமும் சொல்லி வையுங்கள்.